"இது ஆயா இல்லக்கா... பாட்டி!"

ஒரு பேப்பர் எடுத்து, ஒரு பாட்டியை வரைங்க பார்ப்போம். கூன் முதுகு, கையில தடி, மூக்கு நுனியில கண்ணாடி... கரெக்டா?

வேங்கிக்கால்ல எங்க பக்கத்து வீட்டு வாண்டும் அதையேதான் வரைஞ்சுட்டு இருந்தான். ரெண்டாங் கிளாஸ் ஹோம்வொர்க். பௌர்ணமிக்கு மறுநாள் அது. அவனோட ஆயா முந்தின ராத்திரிதான் செருப்பு இல்லாம 14 கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சிருந்தாங்க. காலையில வழக்கம்போல வாசல் தெளிச்சு, கோலமும் போட்டாச்சு. கூட நடந்துபோன நான்தான் முட்டிக்குத் தைலம் தேய்ச்சுட்டு உட்கார்ந்திருந்தேன்.

"டேய், உங்க ஆயா எங்கடா தடி வெச்சிருக்காங்க?"

பையன் நிமிர்ந்துகூடப் பார்க்கல. "இது ஆயா இல்லக்கா, பாட்டி. புக்ல இப்படித்தான் இருக்கும்!"

சிரிச்சுட்டேன். அப்புறம்தான் சுருக்குன்னு உறைச்சது. வீட்டுல இருக்கிற ஆயா வேற, புத்தகத்துல இருக்கிற பாட்டி வேறன்னு ஏழு வயசுலயே அவனுக்குப் பதிஞ்சுபோச்சு!

வடை போச்சே!

நாம பார்த்த முதல் படக்கதைப் பாட்டி யாரு? வடை சுட்டவங்கதான். தனி ஆளா கடை போட்டு, சொந்தக் கால்ல நின்ன பெண்மணி. ஆனா நமக்கு ஞாபகம் இருக்கிறது காக்காவும் நரியும்தான். பாட்டிக்கு ஒரு பேர்கூட வைக்கல பாஸ்!

சரி, தலைவர்களோட வாழ்க்கை வரலாறு? பிறந்தார், படித்தார், போராடினார்... அறுபது வயசுக்கு மேல ஒரே பாராவுல 'மறைந்தார்'. முடிஞ்சது கதை.

இதுல ஒரே ஒரு சூப்பர் விதிவிலக்கு, நம்ம ஔவைப் பாட்டி. கல்யாணம் வேண்டாம், ஊர் ஊரா சுத்தணும், தமிழ் பாடணும்னு பிள்ளையார்கிட்ட முதுமையைக் கேட்டு வாங்கினாங்கன்னு கதை சொல்வாங்க. முதுமை அவங்களுக்குத் தண்டனை இல்ல, விடுதலை! அந்த வயசுலயும் நாவல் மரத்து மேல இருந்த மாட்டுக்காரப் பையன்கிட்ட தோத்து, புதுசா ஒண்ணு கத்துக்கிட்டாங்களே... அதுதான் கெத்து.

116 வயசுல வாசிப்பு!

இப்போ குழந்தைகளுக்கான படப்புத்தகங்கள்ல நிஜ ஔவைகள் நிறையப் பேர் வர ஆரம்பிச்சிருக்காங்க.

மேரி வாக்கர், 1848-ல அமெரிக்காவுல அடிமையாப் பிறந்தவங்க. உழைச்சு உழைச்சே ஒரு நூற்றாண்டு ஓடிப்போச்சு. நூறைத் தாண்டின பிறகு எழுத்துக் கூட்ட ஆரம்பிச்சு, 116 வயசுல வாசிக்கக் கத்துக்கிட்டாங்க. 2020-ல வந்த 'தி ஓல்டஸ்ட் ஸ்டூடண்ட்' புத்தகம் அவங்க கதைதான்.

எம்மா கேட்வுட், 11 பிள்ளைகளைப் பெத்து வளர்த்த அம்மா. 1955-ல, 67 வயசுல, கான்வாஸ் ஷூ மாட்டி, தானே தைச்ச பையைத் தோள்ல போட்டு, அப்பலேச்சியன் மலைப்பாதையில சுமார் 3,300 கிலோமீட்டர் தனியா நடந்து முடிச்சாங்க. 2018-ல அவங்களுக்கும் ஒரு படப்புத்தகம் வந்தது. எங்க பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் கிட்டத்தட்ட அதே வயசுதான். ஷூதான் மிஸ்ஸிங்!

பக்கத்துல வருவோமா? கேரளாவோட கார்த்தியாயினி அம்மா, 2018-ல எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மார்க் வாங்கினப்போ வயசு 96. சமையல் கலைஞர் விகாஸ் கன்னா இவங்களைப் பத்தி 'பேர்ஃபுட் எம்ப்ரஸ்'னு குழந்தைகளுக்குப் புத்தகமும் எழுதினார், ஆவணப்படமும் எடுத்தார். 2023-ல, 101 வயசுல அவங்க மறைஞ்சாங்க.

நம்ம சென்னை 'தூலிகா' பதிப்பகமும் 'சலீம் மாமூ அண்ட் மீ'ன்னு ஒரு படப்புத்தகம் போட்டிருக்கு. எழுதினவங்க, பறவையியலாளர் சலீம் அலி குடும்பத்துப் பொண்ணு ஸை விட்டேக்கர். 1896-ல பிறந்த சலீம் அலி, டில்லன் ரிப்ளேயோட சேர்ந்து எழுதின பத்துத் தொகுதிப் பறவைக் கையேடு வெளிவர ஆரம்பிச்சது 1968-ல. அப்போ அவருக்கு வயசு 71! ரிட்டயர்மென்ட்டா? அப்படின்னா?

இது நம்ம மேட்டர்

"குட்டீஸ் புக்குக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்கிறீங்களா? இருக்கு. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெக்கா லெவியோட குழு 2002-ல வெளியிட்ட ஆய்வு இது. அமெரிக்காவோட ஒரு சின்ன ஊர்ல, ஐம்பது வயசு தாண்டின 660 பேரோட தகவல்களை அலசினாங்க. தன் முதுமையை நல்லவிதமாப் பார்த்தவங்க, மத்தவங்களைவிட 7.5 வருஷம் அதிகமா வாழ்ந்திருக்காங்க. உடல்நலம், வருமானம் எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகும் இந்த வித்தியாசம் இருந்தது. முதுமை பத்தின எண்ணம் அறுபதுல திடீர்னு முளைக்கிறது இல்லையே. ரெண்டாங் கிளாஸ்ல வரையுற அந்தப் பாட்டிகிட்டயே தொடங்கிடுது.

இன்னொண்ணு... ஒரு அரியர் விழுந்தா, கேம்பஸ்ல செலக்ட் ஆகலைன்னா, 'லைஃபே போச்சு'ன்னு புலம்புறோமே... அது ஏன்? எல்லா நல்லதும் 25 வயசுக்குள்ள நடந்துடணும்னு நாம படிச்ச கதைங்க சொல்லிக்கொடுத்ததும் ஒரு காரணம்தான். 116-ல ஒருத்தர் வாசிக்கக் கத்துக்கலாம்னா, நம்ம மூணாவது செமஸ்டர் மேத்ஸ் எம்மாத்திரம்!

ஆனா ஒரு சின்ன 'ஆனா'. சாதனைப் பாட்டிகளை மட்டுமே காட்டினா, முட்டி வலியோட திண்ணையில உட்கார்ந்து ஊர்க்கதை பேசுற பாட்டி 'ஃபெயில்' ஆன மாதிரி ஆகிடும். மருந்து டப்பாவும் படத்துல இருக்கட்டும், சிரிப்பும் இருக்கட்டும். அதுதான் நிஜம்.

அடுத்த புக் யாரோடது?

நம்ம ஊர்ல ஆளா இல்ல? தொண்ணூறைத் தாண்டியும் யோகா சொல்லிக்கொடுத்து, 2018-ல பத்மஸ்ரீ வாங்கின கோவை நானம்மாள்... நூறு வயசுக்கு மேலயும் வயல்ல இறங்கி, 2021-ல பத்மஸ்ரீ வாங்கின தேக்கம்பட்டி பாப்பம்மாள்... ரெண்டு பேரும் இன்னைக்கு இல்ல. ஆனா கதைங்க இருக்கே!

எழுதத் தெரியாதா? பிரதம் புக்ஸோட 'ஸ்டோரிவீவர்' தளத்துல படங்களோட தமிழ்க் கதைகளை இலவசமா படிக்கலாம். நீங்களே எழுதலாம், மொழிபெயர்க்கலாம். அதுவும் வேண்டாம்னா ஒரு நோட்டும் கலர் பென்சிலும் போதும்.

நாங்க அப்படித்தான் பண்ணோம். நானும் வாண்டும் சேர்ந்து எட்டே பக்கத்துல ஒரு புத்தகம். முதல் பக்கத்துல ஆயாவோட வெறும் கால், பின்னாடி மலை. ரெண்டாம் பக்கத்துல வாசல் கோலம்.

"என்னைப் போயி எதுக்குடி வரையறீங்க?"ன்னு வெட்கப்பட்டாங்க ஆயா. அப்புறம் புத்தகத்தைக் கையில வாங்கி, தள்ளிப் பிடிச்சு, ஒரு நிமிஷம் உத்துப் பார்த்தாங்க.

"கோலத்துல ஒரு புள்ளி விட்டுப்போச்சு. பென்சிலைக் குடு!"