மரத்துக்கு முன்னே வாய்க்கால்

ஐப்பசி பிறந்துவிட்டால் கடலூர்ப் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு அடிபடும்: "ஊரைச் சுத்தி மரத்தை நட்டுட்டா புயல், வெள்ளம் எதுவும் ஒண்ணும் பண்ணாது." பாதி சரி. மீதிப் பாதி தெரியவேண்டுமானால் பிச்சாவரம் வரை போய்வர வேண்டும். சிதம்பரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான்.

வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேரில் இருக்கிறது பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரங்களை ஒட்ட வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாகத் துளிர்த்துவிடும் என்று கணக்கு. துளிர்க்கவில்லை. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் இறங்கியது. ஈரம் வற்றி மண் அமுங்கி, அந்த இடம் பள்ளமானது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்பும்போது பள்ளத்தில் இருந்தது மட்டும் தங்கிவிட்டது. உப்புத் தண்ணீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்தால் என்ன மிஞ்சும்? அதேதான் நடந்தது. உவர்நிலத்திலேயே பிழைக்கும் மரமும் தாங்காத அளவுக்கு உப்பேறி, தரை பொட்டலானது.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து இதைச் சரிசெய்ய இறங்கியபோது, முதலில் கையில் எடுத்தது மண்வெட்டியை, கன்று அப்புறம்தான். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மீன்முள் முறை என்றே பெயர். ஓதம் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும். இறங்கும்போது உப்பைக் கழுவிக்கொண்டு போகும். கன்றுகளை வாய்க்கால் சரிவில் நட்டார்கள். வேருக்குத் தண்ணீர் கிடைக்கும், கன்று மூழ்கியும் கிடக்காது. காடு மீண்டது. ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் பழையபடி உப்பேறும். அதனால் தூர்வாருவதை நிறுத்த முடியாது.

2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். கடலிலிருந்து இருந்த தூரமும் தரையின் மேடும்தான் காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாமே பார்த்தோம். எந்த மரமும் எல்லா ஆபத்துக்கும் மதில் ஆகாது.

ஊருக்குள்ளும் இதே கணக்குத்தான். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் கடலுக்குப் போகும் வழியில் இருக்கிறது நம் மாவட்டம். 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியது. 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்கப்பட்டு, தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. அந்த அளவு தண்ணீரைச் சாலையோர வேம்பும் புங்கமும் குடித்துவிடாது. வீராணமும் பெருமாள் ஏரியும் கொஞ்சம் தாங்கும். மற்றதை வாய்க்கால்களும் வடிகால்களும்தான் கடலில் சேர்க்க வேண்டும். பசுமைக் கட்டமைப்பு என்று அதிகாரிகள் சொல்வதில் ஏரி, குளம், வாய்க்கால், ஆற்றுப் புறம்போக்கு எல்லாம் அடக்கம்.

அடுத்த முறை உங்கள் தெருவில் மரக்கன்று விழா நடந்தால் போய்க் கன்று நடுங்கள். அப்படியே வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள்: இந்தத் தெருவின் மழைத்தண்ணீர் எந்த வாய்க்காலில் போய்ச் சேருகிறது, அது கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது?