முதல் நாள் 68... மறுநாள் 50-க்கு 50! ஷாட்கன் வீரர்களின் 'மில்லிமீட்டர்' கணக்கு தெரியுமா?

2024 ஜூலை 29. பாரிஸ் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடந்த ஷட்டோரூ நகரம். ஆண்கள் 'ட்ராப்' பிரிவில் களமிறங்கினார் புதுக்கோட்டையைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான். முதல் நாள் மூன்று சுற்றுகளில் அவர் எடுத்தது 22, 25, 21. மொத்தம் 75-க்கு 68. கிடைத்தது 30-வது இடம்.

மறுநாள் மீதமிருந்தவை இரண்டு சுற்றுகள். 25... மறுபடியும் 25! பறந்து வந்த ஐம்பது தட்டுகளில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. ஆனாலும் 125-க்கு 118 என்ற ஸ்கோருடன் 21-வது இடத்தில்தான் முடித்தார். ஃபைனலுக்குப் போனது முதல் ஆறு பேர் மட்டுமே.

ட்ராப் அவ்வளவு கறாரான விளையாட்டு. ஒன்றிரண்டு தட்டுகள் போனாலே பல இடங்கள் கீழே இறங்க வேண்டும். அதனால்தான் போட்டிக்குப் பல மாதங்கள் முன்பே, டி.வி-யில் யாரும் காட்டாத ஒரு வேலையை வீரர்கள் செய்து முடிக்கிறார்கள். துப்பாக்கியைத் தன் கண்ணுக்குப் பொருத்துவது, அதன் முனைக்கு ஏற்ற 'சோக்' தேர்ந்தெடுப்பது.

வேட்டையிலிருந்து விளையாட்டுக்கு...

நீலகிரியில் மஞ்சூர், பிக்கட்டி பக்கம் போய் 'இரட்டைக்குழல் துப்பாக்கி' என்று சொன்னால், பெரியவர்களுக்கு வெள்ளைக்காரர் கால வேட்டைக் கதைகள்தான் முதலில் நினைவுக்கு வரும். வேட்டையைக் கட்டுப்படுத்த இந்த மலைக்கென்று 1879-லேயே தனிச் சட்டம் வந்தது. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

உலகம் முழுக்க இதே கதைதான். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். அமெரிக்காவின் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி 1880-ல் உருவாக்கிய 'களிமண் புறா'தான் பிறகு அந்த இடத்தைப் பிடித்தது. பெயரில்தான் களிமண். இன்றைய தட்டுகளைத் தார் போன்ற பிசினையும் சுண்ணாம்புக்கல் தூளையும் கலந்து செய்கிறார்கள். குறுக்களவு 11 செ.மீ, எடை 105 கிராம். கிட்டத்தட்ட ஒரு டீ சாஸர் சைஸ்!

வீரருக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து இந்தத் தட்டு சீறி எழும். வேகம் மணிக்கு 100 கி.மீ-க்கும் மேல். இடமா, வலமா, நேரா என்பது வீரருக்கு முன்கூட்டியே தெரியாது. தகுதிச்சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு தோட்டாக்கள் வரை சுடலாம். ஃபைனலில் ஒன்றே ஒன்றுதான்.

கண்தான் பின் குறி!

ரைஃபிளில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி இருக்கும். திருகைத் திருப்பி சரிசெய்துகொள்ளலாம். ஷாட்கன்னில் குழலின் நுனியில் ஒரு சின்ன மணி மட்டுமே உண்டு. பின் குறி எங்கே? சுடுபவரின் கண்தான் அது. கன்னம் கட்டையில் எங்கே பதிகிறதோ, கண் அங்கே நிற்கும். கண் எங்கே நிற்கிறதோ, குண்டு அதற்கேற்பப் போகும்.

இதைச் சோதிக்க வெள்ளை பெயின்ட் அடித்த பெரிய இரும்புத் தகடு அல்லது அகலமான காகிதம் போதும். சுமார் 15 மீட்டர் தூரத்தில் நின்று, நடுவில் உள்ள புள்ளியைக் குறிவைத்து நிதானமாகச் சில தோட்டாக்களைச் சுடுவார்கள். ரவைகள் மொத்தமாக எந்தப் பக்கம் விழுகின்றன என்று பார்ப்பார்கள்.

விதி எளிது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கண்ணை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். கன்னம் படும் கட்டையை உயர்த்தினால் குண்டு மேலே போகும். வலப்பக்கம் நகர்த்தினால் வலமாகப் போகும். பல போட்டித் துப்பாக்கிகளில் இதற்கென்றே கட்டையின் மேல்பகுதியைத் தனியே உயர்த்தி, இறக்கி, நகர்த்தும் வசதி இருக்கிறது.

கண்ணுக்கும் குழல் நுனிக்கும் இடையே சுமார் 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கட்டையை வெறும் 3 மி.மீ உயர்த்தினால், 35 மீட்டரில் குண்டு சுமார் 10 செ.மீ மேலே போய்விடும். ஒரு தட்டின் அகலமே அவ்வளவுதான்! கன்னம் சரியாகப் பதியாமல் சற்றே தலை தூக்கினாலும் இதே கதிதான்.

இன்னொரு ஆச்சர்யம், ட்ராப் துப்பாக்கியை வேண்டுமென்றே கொஞ்சம் மேலே சுடும்படி அமைக்கிறார்கள். தட்டு எழும்பிக்கொண்டே போவதால், குறிவைத்த புள்ளிக்கு மேலே 60 அல்லது 70 சதவிகித ரவை, கீழே மீதி என்று விழுந்தால் வசதி. தட்டைக் குழலால் மறைக்காமல், கண்ணால் பார்த்துக்கொண்டே சுடலாம்.

அது என்ன சோக்?

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸ் முனையை விரலால் அழுத்தினால் தண்ணீரின் போக்கு மாறும் இல்லையா? ஏறக்குறைய அதே வேலையைத்தான் சோக் செய்கிறது. குழலின் நுனியில் உட்புறத்தைச் சற்றே சுருக்கினால், ரவைகள் சிதறாமல் கொஞ்ச தூரம் சேர்ந்தே போகும்.

12 போர் குழலின் உள் விட்டம் சுமார் 18.5 மி.மீ. அதில் 1 மி.மீ அளவுக்குச் சுருக்கினால் அது 'ஃபுல்' சோக். அதிலிருந்து முக்கால், அரை, கால் என்று குறைந்து, சுருக்கமே இல்லாததை 'சிலிண்டர்' என்கிறார்கள். 36 மீட்டர் சுமாரில் 75 செ.மீ வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்பதுதான் பொதுவான அளவுகோல். ஃபுல்லில் 70 சதவிகிதம், அரையில் 60, காலில் 55, சிலிண்டரில் 40.

ஒலிம்பிக் தோட்டாவில் ரவையின் எடை 24 கிராம். 2.4 மி.மீ ரவை என்றால் ஏறக்குறைய 300 மணிகள். ஃபுல் சோக்கில் அவற்றில் சுமார் 210 அந்த வட்டத்துக்குள் விழ வேண்டும்.

திருகி மாட்டும் சோக் குழாய்களின் விளிம்பில் வெட்டுகள் இருக்கும். பல தயாரிப்புகளில் ஒரு வெட்டு என்றால் ஃபுல், இரண்டு முக்கால், மூன்று அரை, நான்கு கால், ஐந்து சிலிண்டர். குறைந்த வெட்டுக்கு அதிகச் சுருக்கம் என்பதை நினைவில் வைத்தால் குழப்பமில்லை.

எதற்கு எது?

ட்ராப்பில் முதல் தோட்டா தட்டைத் தொடும்போது அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். அது தவறி இரண்டாவதைச் சுடுவதற்குள் 40 மீட்டரை நெருங்கிவிடும். அதனால் முதல் குழலுக்கு முக்கால் அல்லது ஃபுல், இரண்டாவதற்கு ஃபுல் என்பது பரவலான தேர்வு. 'ஸ்கீட்' பிரிவில் தட்டுகள் மிக அருகில் குறுக்கே பறப்பதால், அங்கே அகலமாகச் சிதறும் சோக்தான் கைகொடுக்கும்.

குழாயில் எழுதியிருப்பதை மட்டும் நம்பக் கூடாது. ஒரே சோக், தோட்டாவின் பிராண்டு மாறினாலே வேறு மாதிரி சிதறும். ஊட்டி போல 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், கடலோர ஊரைவிட ரவைகள் சற்று நெருக்கமாகவே போகும். எனவே, எந்தத் தோட்டாவால் போட்டியில் சுடப்போகிறாரோ, அதே தோட்டாவால், பல முறை காகிதத்தில் சுட்டு, வட்டம் போட்டு எண்ணிப் பார்க்க வேண்டும். வட்டத்துக்குள் ஒரு தட்டு நுழைந்து தப்பிக்கும் அளவுக்கு வெற்றிடங்கள் இருக்கின்றனவா என்பதுதான் முக்கியமான கேள்வி.

இதையெல்லாம் மறக்கக் கூடாது!

* சோக்கைத் தொடும் முன், துப்பாக்கியைத் திறந்து இரண்டு குழல்களும் காலி என்று கண்ணால் உறுதி செய்ய வேண்டும்.
* சோக் மாட்டாமலோ, தளர்வாக மாட்டியோ சுடக் கூடாது. குழலின் மறை கெட்டுவிடும்.
* மறையில் லேசாக கிரீஸ் தடவி, சுற்றுகளுக்கு நடுவே இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.
* முதலில் கட்டையைப் பொருத்துவது, பிறகுதான் சோக். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால், எது பலன் தந்தது என்று தெரியாது.
* இந்தியாவில் ஷாட்கன் வைத்திருக்க ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். பயிற்சியும் அங்கீகரிக்கப்பட்ட தளத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் மட்டுமே.

கடைசியில் நம்பிக்கைதான்

சுருக்கமான சோக், சரியாகக் குறி வைத்தால் தட்டைத் தூளாக்கும். கொஞ்சம் பிசகினால் மன்னிக்காது. அகலமான சோக் சின்னப் பிசகை மன்னிக்கும், ஆனால் தூரத்தில் ஓட்டை விடும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. தன் வேகத்துக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொரு வீரரும் தானே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு, ஒரு தட்டு தவறியதுமே ஸ்பேனரைத் தேடாமல் இருக்கவும் பழக வேண்டும்.

பிருத்விராஜின் கணக்கில் நல்ல நாள்கள் நிறைய. 2023 மார்ச்சில் தோஹா உலகக் கோப்பையில் வெண்கலம். அதே ஆண்டு அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனன் செனாய், ஜொராவர் சிங் சந்துவுடன் சேர்ந்து, 361 புள்ளிகளோடு அணிப் பிரிவில் தங்கம். அந்த 361-ல் இவருடைய பங்கு 119.

பாரிஸில் எடுத்ததைவிட அது ஒரே ஒரு தட்டுதான் அதிகம். ட்ராப்பில் ஒரு தட்டின் மதிப்பு அவ்வளவு. அதற்காகத்தான் வீரர்கள் வெள்ளைத் தகட்டின் முன்னால் நின்று மில்லிமீட்டர்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்!