ஓடினால் காது அடைப்பது ஏன்?

மைதானத்தில் நாலைந்து சுற்று ஓடியதும் சிலருக்குக் காது 'கும்'மென்று அடைத்துக்கொள்கிறது. சொந்த மூச்சும் குரலும் காதுக்குள்ளேயே முழங்குகின்றன. அடைப்பு என்றுதான் தோன்றும். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு: மூடியிருக்க வேண்டிய வழி திறந்துகிடக்கிறது!

நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழாய். 16ஆம் நூற்றாண்டில் இதை விவரித்த இத்தாலிய உடற்கூற்றியல் அறிஞர் யூஸ்டாக்கியின் பெயரைத் தாங்கியது. நீளம் சுமார் 3.5 செ.மீ. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறந்து, செவிப்பறையின் இருபுறக் காற்றழுத்தத்தையும் சமன்செய்யும். மற்ற நேரங்களில் மூடியே இருக்கும்.

அதை மூடிவைக்க உதவுபவை சுற்றியுள்ள கொழுப்பும் ரத்தநாளங்களும். கடும் பயிற்சியில் ரத்தம் தசைகளை நோக்கிப் பாய்கிறது. வியர்வையால் உடலில் நீர் குறைகிறது. திசுக்கள் சற்றே சுருங்க, குழாய் திறந்தபடி நின்றுவிடுகிறது. வேகமாக எடை குறைத்தவர்களுக்கும் இந்தத் தொல்லை வருவதுண்டு.

எப்படிச் சமாளிப்பது?

ஓட்டத்தை நிறுத்தி, உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கிடையே தாழ்த்தலாம், படுத்தும் கொள்ளலாம். தலைப்பக்கம் ரத்தம் கூடித் திசுக்கள் உப்ப, குழாய் மூடிக்கொள்ளும். போதிய தண்ணீர் குடிப்பதும் நல்லது.

எடை தூக்குபவர்கள் மூச்சை அடக்கி முக்கினால் காதில் அழுத்தம் ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். சளி பிடித்திருந்தால் குழாய் உண்மையிலேயே அடைபடலாம். அப்போது விழுங்குவதும் கொட்டாவியும் கைகொடுக்கும்.

திடீரெனக் கேட்கும் திறன் குறைந்தாலோ தலை சுற்றினாலோ, அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.