பெக்ரினா, ஜெலற்றினா?

ஒரு வெள்ளிக்கிழமை என் மகள் பாடசாலையில் கொடுத்த ஜெலி இனிப்பை, விரதமிருந்த அம்மம்மாவுக்கு நீட்டினாள். நான் பொதியைத் திருப்பிப் பார்த்தேன். ஜெலற்றின் என்றிருந்தது. "வேண்டாம் மாமி" என்று தடுத்துவிட்டேன்.

ஜெலற்றின் பெரும்பாலும் பன்றி, மாடு ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. எந்த மிருகம் என்று பொதியில் எழுதாமலும் விடுவார்கள். பெக்ரின் அப்படியல்ல. அது பழங்களில் இயற்கையாகவே உள்ளது. சாறு பிழிந்தபின் எஞ்சும் அப்பிள் சக்கையிலும், தேசிக்காய், தோடம்பழத் தோல்களிலும் இருந்து எடுக்கிறார்கள். பிரெஞ்சு இரசாயனவியலாளர் ஹென்றி பிரக்கோனோ 1825இல் இதனை விபரித்தார். பொதிகளில் ஈ 440 என்றும் போட்டிருக்கும். ஆனால் பெக்ரின் என்று கண்டதும் வாங்கிவிடாதீர்கள். சில இனிப்புகளில் இரண்டும் சேர்ந்திருக்கும். கடைசிச் சொல்வரை வாசிக்கவேண்டும்.

ஜாம் இறுகுவதற்குப் பெக்ரின், புளிப்பு, சீனி மூன்றும் தேவை. விளாம்பழத்திலும் கொய்யாப்பழத்திலும் பெக்ரின் அதிகம். அதனால்தான் ஊரில் அவை தாமாகவே இறுகின. இங்குள்ள ஸ்ரோபெரியில் அது குறைவு. ஜெர்மன் கடைகளில் 'கெலியர்சுக்கர்' என்றொரு சீனி உண்டு. பெக்ரினும் புளிப்பும் அதிலேயே கலந்திருக்கும். 2:1 என்ற பொதியானால் 1 கிலோ பழத்துக்கு 500 கிராம் போடுங்கள். நன்றாகக் கொதிக்கத் தொடங்கியபின் 3, 4 நிமிடம் விடாமல் கிளறினால் போதும். சூட்டோடு போத்தலில் ஊற்றி மூடுங்கள்.

பொதியில் உள்ள மொழி விளங்காவிட்டால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் எம்மைவிட வேகமாக வாசிப்பார்கள். எந்தச் சொல்லைத் தேடவேண்டும் என்பதை மட்டும் நாம் சொல்லிக்கொடுத்தால் போதும்.