புதிய மீன்தொட்டியை விரைவில் பக்குவப்படுத்துதல்

கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கி, மணலைக் கழுவிப் பரப்பி, தெளிந்த நீரை நிரப்பி, அன்றைய தினமே அழகிய மீன்களை அதில் விடுவது பலரது வழக்கம். முதலிரண்டு நாள்கள் மீன்கள் துள்ளி நீந்துகின்றன. பிறகு அவை நீரின் மேற்பரப்புக்கு வந்து திணறுகின்றன; சில நாள்களில் ஒவ்வொன்றாக மடிகின்றன. நோயுற்ற மீன்களை விற்றுவிட்டார்கள் என்று வாங்கியவர் எண்ணுகிறார். ஆனால் பெரும்பாலும் குற்றம் மீனில் இல்லை. தொட்டி பக்குவமடையாமையே காரணமாகும்.

மீன்கள் தம் உடலில் புரதம் சிதைவதால் உண்டாகும் அம்மோனியாவைச் செவுள்களின் வழியாக வெளியேற்றுகின்றன. மிஞ்சிய உணவு அழுகும்போதும் அம்மோனியா தோன்றுகிறது. நீரில் கரைந்த அம்மோனியா முழுவதும் ஒரே அளவில் நஞ்சாவதில்லை. 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் அதன் நச்சு வடிவம் ஏறத்தாழ அரைச் சதவீதமே. பி.எச். 8 ஆகுமிடத்து அது 5 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. ஆகையால் காரத்தன்மை மிகுந்த நீரில் ஆபத்தும் மிகுதி.

இந்நஞ்சை அகற்றுபவை நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்கள். 1890-ஆம் ஆண்டில் வினோகிராட்ஸ்கி என்னும் அறிஞர் இவற்றைத் தனிமைப்படுத்திக் காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவ்விரு வேலைகளையும் தனியே செய்துமுடிக்கும் நுண்ணுயிர்களும் உண்டென்பது 2015-இல் வெளியாயிற்று. நைட்ரைட்டும் கொடியதே, அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்ஸிஜனைச் சுமக்க இயலாதபடி செய்கிறது. நைட்ரேட்டோ அவ்வளவு தீங்கற்றது. அவ்வப்போது நீரை மாற்றி அதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் ஓர் இரவிலேயே பெருகிவிடுகின்றன. நைட்ரேட்டாக்கும் நுண்ணுயிர்களோ ஒருமுறை இரட்டிப்பதற்கே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்கின்றன. எனவே புதிய தொட்டி தானாகப் பக்குவமடைய 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகின்றன. இக்காலத்தைக் குறைக்கும் வழிகள் சில உள.

முதலாவதும் சிறந்ததும் உறையிடுதலாகும். நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டியிலுள்ள பஞ்சில் ஒரு பகுதியையோ, அதன் அடிமணலில் ஒரு பிடியையோ உலரவிடாமல் விரைவில் கொண்டுவந்து புதிய வடிகட்டியில் இடவேண்டும். பழைய தொட்டியின் நீரை மட்டும் ஊற்றுவதால் பயன் சிறிதே. ஏனெனில் இந்நுண்ணுயிர்கள் பெரும்பாலும் பரப்புகளில் ஒட்டி வாழ்பவை.

இரண்டாவது, மீன்களின்றியே அவற்றுக்கு உணவளித்தல். 100 லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 0.6 கிராம் தூய அம்மோனியம் குளோரைடை, அதாவது நவச்சாரத்தைக் கரைத்தால், லிட்டருக்கு சுமார் 2 மில்லிகிராம் அம்மோனியா கிடைக்கும். கடைச்சரக்கில் கலப்பிருக்கக்கூடுமாதலால் பரிசோதனைச்சாலைத் தரமுள்ளதே ஏற்றது. அளவு மிகுந்தால் அம்மோனியாவே நுண்ணுயிர்களின் வளர்ச்சியைத் தடுத்துவிடும்.

மூன்றாவது, சூழ்நிலையைச் சீர்ப்படுத்துதல். 25 முதல் 30 டிகிரி வரை வெப்பம் இவற்றுக்கு உகந்தது. வடநாட்டின் குளிர்காலத்தில் வெப்பமூட்டும் கருவி தேவைப்படும். 1 கிராம் அம்மோனியா நைட்ரஜன் முழுவதும் நைட்ரேட்டாக மாறுவதற்குச் சுமார் 4.6 கிராம் ஆக்ஸிஜன் செலவாகிறது. ஆகையால் காற்றுக் குழாய் இடைவிடாது இயங்கவேண்டும். இம்மாற்றத்தில் நீரின் காரச் சத்தும் கரைகிறது. பி.எச். மிகவும் தாழ்ந்து வேலை தடைப்பட்டால் சிறிதளவு சமையல் சோடா சேர்க்கலாம். குழாய் நீரிலுள்ள குளோரின் இந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். சோடியம் தயோசல்பேட்டு இட்டு அதை முன்கூட்டியே நீக்கிவிடவேண்டும்.

நீர் தெளிவாயிருப்பது பக்குவத்தின் அடையாளமன்று. சோதனைத் திரவங்களைக் கொண்டு அளந்தறிவதே முறை. இட்ட 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, நைட்ரைட்டும் காணப்படாவிடின் தொட்டி ஆயத்தமாகிவிட்டது. தக்க உறையிட்டால் இந்நிலை ஓரிரு வாரங்களிலேயே வரக்கூடும். அதன்பின் நீரில் பெரும்பகுதியை மாற்றி, சில மீன்களை மட்டும் முதலில் விடுவது நலம்.

மீன்களை முன்னரே விட்டுவிட்டவர்கள் உணவைக் குறைத்து, நாள்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றிவர வேண்டும். சிறிதளவு உப்பும் உதவும். அதிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள்வழி புகுவதைத் தடுக்கிறது. வடிகட்டியின் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசவேண்டும். இல்லாவிடின் பல வாரங்களாக வளர்ந்த நுண்ணுயிர்கள் ஒரே நாளில் அழிந்து, தொட்டி மீண்டும் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.