மெர்வேடே சதுக்கம், 37ஆம் இலக்கம்

ஆன் பிராங்க் என்றதும் அம்ஸ்டர்டாம் நகரில் அவளது குடும்பம் ஒளிந்திருந்த கட்டடமே பலருக்கும் நினைவுக்கு வரும். அது தந்தையின் வியாபார நிலையத்தின் பின்பகுதி. அவர்கள் குடும்பமாய் வாழ்ந்த வீடு அதே நகரின் மெர்வேடே சதுக்கத்தில் இருக்கிறது. 37ஆம் இலக்கத் தொடர்மாடி வீடு.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின், யூதர்களான இவர்கள் ஜேர்மனியை விட்டு வெளியேறி இங்கே குடிவந்தார்கள். வீட்டின் முன்னாலிருந்த வெளியில் ஆன் தோழிகளோடு விளையாடினாள். 1941 ஜூலையில் பக்கத்து வீட்டில் ஒரு கல்யாணம். மணமக்களைப் படம் பிடித்த கமெராவில், யன்னலால் எட்டிப் பார்க்கும் ஆனும் சில விநாடிகள் பதிவாகிவிட்டாள். அவளை அசையும் படமாகக் காண நமக்கு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். மாப்பிள்ளை பெண் பார்க்க யன்னலுக்கு ஓடாத பிள்ளை எங்கள் தெருவிலும் இல்லை.

ஆனால் அதற்கு முந்திய ஆண்டே ஜேர்மன் படை நெதர்லாந்தைப் பிடித்திருந்தது. தடைகள் ஒவ்வொன்றாக வந்தன. யூதப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை, உடுப்பில் மஞ்சள் நட்சத்திரம், ட்ராமில் ஏறத் தடை. 1942 ஜூலை 5ஆம் திகதி, மூத்த மகள் மார்கொட்டை ஜேர்மனியில் வேலை முகாமுக்கு வரும்படி அழைப்பாணை அந்த வீட்டுக்கு வந்தது. அவளுக்கு வயது 16. என்னிலும் ஒரு வயது குறைவு. அந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

மறுநாள் காலை மழை. பெட்டியோடு போனால் சந்தேகம் வரும் என்று உடுப்பின் மேல் உடுப்பாக அணிந்துகொண்டு வெளியேறினார்கள். காலைச் சாப்பாட்டுக் கோப்பைகள் மேசையிலேயே கிடந்தன. இதை வாசித்துக் காட்டியபோது உம்மா, "அவங்கட பூனையை யார் பார்த்தது?" என்றுதான் முதலில் கேட்டார். அயலவரிடம் கொடுக்கும்படி எழுதி வைத்திருந்தார்கள்.

1944 ஆகஸ்டில் பிடிபட்டார்கள். அடுத்த ஆண்டு தாய் அவுஷ்விட்ஸ் முகாமிலும், பிள்ளைகள் இருவரும் பேர்கன்-பெல்சன் முகாமிலும் இறந்தார்கள். தந்தை ஒட்டோ மட்டுமே திரும்பி வந்தார்.

பல ஆண்டுகளின் பின் ஒரு வீடமைப்பு நிறுவனம் அந்த வீட்டை வாங்கி, பழைய படங்களைப் பார்த்து 1930களில் இருந்ததுபோலத் திருத்தியது. பிறகு, சொந்த நாட்டில் சுதந்திரமாக எழுத முடியாத எழுத்தாளர்கள் தங்குவதற்கு அதைக் கொடுத்தார்கள். நூதனசாலையாக்கியிருக்கலாமே என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஒளிந்திருந்த கட்டடம் ஏற்கெனவே நூதனசாலைதான். ஒட்டோவின் விருப்பப்படி அங்கே அறைகள் வெறுமையாகவே விடப்பட்டிருக்கின்றன. மெர்வேடே சதுக்கத்து வீட்டிலோ மீண்டும் அடுப்பு எரிந்தது. பதின்மூன்றாவது பிறந்தநாளுக்குக் கிடைத்த நாட்குறிப்பேட்டில் ஆன் முதல் பக்கங்களை எழுதிய அந்த வீட்டில், 2005இல் அல்ஜீரியாவிலிருந்து வந்த ஒரு எழுத்தாளர் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.