வாங்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர்

மலேசியாவின் ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளையும் அரசு உதவி பெறும் பள்ளிகளையும் இணையத்தால் பிணைத்து, பாடம், வீட்டுப்பாடம், பெற்றோர் தொடர்பு ஆகியவற்றை ஒரே தளத்துக்குள் கொண்டுவரக் கல்வி அமைச்சு 2011இல் தொடங்கிய ‘1பெஸ்தாரிநெட்’ திட்டம், அரசு மென்பொருள் வாங்கும் முறை எங்கே பழுதுபடுகிறது என்பதற்கு மலாக்காத் தமிழருக்கு மிக நெருக்கமான சான்றாகும். தலைநகரின் பெரிய பள்ளிகளுக்கும் ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அதில் ஒரே அளவுகோல்தான் இருந்தது.

15 ஆண்டுகளுக்கு 407 கோடியே 70 லட்சம் ரிங்கிட் என மதிப்பிடப்பட்ட இத்திட்டத்தின் முதல் கட்டம், 66 கோடியே 30 லட்சம் ரிங்கிட் செலவில், 2011 டிசம்பரிலிருந்து இரண்டரை ஆண்டுகளுக்கு ஒய்.டி.எல். கம்யூனிகேஷன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளி வளாகங்களில் இணைய அலைக்கோபுரங்கள் எழுந்தன. ஆசிரியரும் மாணவரும் கணினி வழியே பாடங்களைப் பகிர்ந்துகொள்ளும் ‘மெய்நிகர் கற்றல் சூழல்’ என்ற வகையில், பிரிட்டனில் உருவான ‘புரோக்’ மென்பொருள் வழங்கப்பட்டது. ஆயினும் 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, மாணவர், ஆசிரியர், பெற்றோர் ஆகிய எத்தரப்பிலும் அதன் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை எனக் காட்டியது.

இதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணம் காட்டுவது நியாயமன்று. மென்பொருளை வாங்குபவர் புத்ராஜெயாவில் இருக்கிறார், பயன்படுத்துபவர் தோட்டத்தில் இருக்கிறார் என்ற இடைவெளியில்தான் பணம் கரைகிறது. இணைக்கப்பட்ட பள்ளிகளையும் வழங்கப்பட்ட கணக்குகளையும் எண்ணுவது எளிது. ஒரு பாடம் அதனால் சிறந்ததா என்று அளப்பது கடினம் என்பதால், பெரும் ஒப்பந்தங்கள் எளிதில் எண்ணக்கூடியவற்றையே நாடுகின்றன. 150க்கும் குறைவான மாணவர் கொண்ட ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்ற வகையில் அடங்கும் தோட்டப் பள்ளிகள் பலவற்றில், ஒரே ஆசிரியர் கற்பித்தலோடு பல பொறுப்புகளையும் சுமக்கும் நிலையில், புதிய தளம் அவருக்கு இன்னுமொரு பதிவேடாகவே வந்து சேர்கிறது.

செலவு பெருகுவதற்கு மற்றொரு காரணம், இணைய இணைப்பையும் மென்பொருளையும் ஒரே மூட்டையாகக் கட்டி வாங்குவது. ஒன்று சரியில்லை என்றால் அதை மட்டும் மாற்ற இயலாது. பாடப்பொருளும் தரவும் ஒரு நிறுவனத்தின் தளத்திலேயே தங்கிவிட, வெளியேறும் செலவு தங்கும் செலவைவிட மிகுந்துவிடுகிறது. இதையே துறையினர் ‘விற்பனையாளர் பிணைப்பு’ என்கின்றனர். வாங்கும் அமைச்சில் தகுந்த பொறியாளர்கள் இல்லாவிட்டால், எது தேவை, எது மிகை என்பதை விற்பவரிடமே கேட்டறிய வேண்டியதாகிறது. பிரிட்டன் 2002இல் தொடங்கிய தேசிய மருத்துவக் கணினித் திட்டத்தை 2011இல் கலைத்ததும், மலேசியா 350 கோடி ரிங்கிட் மதிப்பிலான ‘ஸ்கின்’ குடிநுழைவு முறையைப் பாதியிலேயே கைவிட்டதும், இந்நோய் கல்வித் துறைக்கு மட்டும் உரியதன்று என்பதைக் காட்டுகின்றன.

2019 ஜூன் 30இல் 1பெஸ்தாரிநெட் முடிவுற்று, புரோக்கின் இடத்துக்குக் கூகுள் கிளாஸ்ரூம் வந்தபோது, ஆசிரியர்கள் மீண்டும் புதிதாகக் கற்க நேர்ந்தது. ஓராண்டுக்குள் பெருந்தொற்று பள்ளிகளை மூடியது. எனவே, அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன், அந்த மென்பொருள் ஜாசினின் ஒரு சிறு தோட்டப் பள்ளியில் ஓராண்டு சோதிக்கப்பட்டதா, ஆசிரியர் உண்மையில் பயன்படுத்தும் அளவோடு தவணைகள் பிணைக்கப்பட்டுள்ளனவா, தரவை வேறு தளத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை அமைச்சிடம் உள்ளதா என்று பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பள்ளி மேலாளர் வாரியங்களும் தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்து வடிவில் கேட்க வேண்டும்.